காதை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க

போன வருஷம் ஒரு பதிப்பகத்திலிருந்து போன். "சார், அட்டைப்படம் கிட்டத்தட்ட ரெடி. ஏஐல போட்டாச்சு. அந்தப் பாட்டியோட காதை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்தீங்கன்னா பிரிண்டுக்கு அனுப்பிடலாம்."

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கரிசல் காட்டுக் கதை என்று சொல்லியிருந்தார்கள். படத்தில் ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் தென்னந்தோப்பு, கேரளத்துச் சாயலில் ஓட்டு வீடு. சாயங்கால வெளிச்சம் மட்டும் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காதில் வடக்கத்திக் கல்யாணப் பெண் போடுகிற மாதிரி ஜிமிக்கி. இடது காதில் இரண்டு, வலது காதில் ஒன்றரை. அந்த ஒன்றரையைத்தான் சரிபண்ண வேண்டுமாம்.

எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். வழக்கமாக ஒரு அட்டைக்கு நான் வாங்குவதில் கால் பங்கு சொன்னார்கள். "மீதி முக்கால் வேலை முடிஞ்சிருச்சே சார்" என்றார்கள்.

முதலில் நாவலை அனுப்பச் சொன்னேன். விளாத்திகுளம் பக்கத்துக் கதை. கிழவி பாம்படம் போட்டவள். அந்த நகையைப் பார்க்காத தலைமுறைக்காகச் சொல்கிறேன்: தெக்கத்திப் பெண்கள் சின்ன வயதில் காதைக் குத்தி, துளையில் பஞ்சையும் ஓலைச்சுருளையும் திணித்து, அப்புறம் கனமான குணுக்கைத் தொங்கவிட்டுக் காதை வளர்ப்பார்கள். வளர்ந்த காது தோளை எட்டும். அதில் உருண்டையும் கட்டமும் தகடுமாகப் பொன்னில் செய்த பாம்படம் ஆடும். நம் கதையின் கிழவி அந்தப் பாம்படத்தை மூன்றாவது அத்தியாயத்திலேயே மகனின் காலேஜ் ஃபீஸுக்காக விற்றுவிடுகிறாள். மீதி இருநூறு பக்கமும் வெறுங்காதோடுதான் நடமாடுகிறாள். ஊர்க்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுவதாக ஒரு இடம் வருகிறது. அட்டையில் இருக்க வேண்டியது அந்தக் காதுதான், நகை இல்லாமல் நீளமாகத் தொங்கும் சதை வளையம்.

மிஷின் மேல் தப்பில்லை, அதற்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் கதையைப் படித்திருக்கவில்லை. அதுதான் விஷயம்.

இருபது வருஷத்துக்கும் மேலாகப் புத்தக அட்டையும் பத்திரிகைப் படமும் வரைந்து பிழைக்கிறேன். ஏஐ ஓவியம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டே பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஒன்று, "கலை செத்துப் போச்சு" என்று ஒப்பாரி. இல்லாவிட்டால், "எல்லாமே ஒரு கருவிதானே" என்று ஞானி மாதிரி ஒரு வாக்கியம். இரண்டையும் நான் சொல்வதில்லை. ஒரு படத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். இந்தக் கோடு ஏன் இங்கே இருக்கிறது, இந்தக் காது ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

டிஜிட்டல் ஓவியத்தையும் ஏஐ படத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறவர்கள் நிறைய. "ரெண்டும் கம்ப்யூட்டர்தானே?" நான் இந்தியன் இங்க்கையும் க்ரோ குவில் நிப்பையும் வைத்துவிட்டுப் பென் டேப்லெட்டுக்கு மாறியபோது இதே பேச்சைக் கேட்டவன். டேப்லெட்டில் கை வரைவது கண்ணுக்கு எதிரே திரையில் விழும். முதல் ஆறு மாசம் குருடன் எழுதுகிற மாதிரிதான் இருந்தது. மை கொட்டாது, தப்பானால் அண்டூ உண்டு, லேயர் லேயராகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கோட்டை இழுப்பது கைதான். உடற்கூறு தெரியாதவனுக்கு டேப்லெட்டிலும் முழங்கை கோணலாகத்தான் வரும். ஸ்டைலஸுக்கு வரையத் தெரியாது.

ஏஐயின் வேலை வேறு மாதிரி. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் கூடவே இருக்கும் விளக்க வரிகளையும் காட்டி அதைப் பழக்குகிறார்கள். நல்ல படத்தின் மேல் படிப்படியாகப் புள்ளிமழை தூவிக் கெடுப்பார்கள், அந்தப் புள்ளிமழையை எப்படி நீக்குவது என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு வெறும் புள்ளிமழையைக் கொடுத்து "கரிசல் காட்டுப் பாட்டி" என்றால், அந்தச் சொற்களுக்கு ஏற்ற திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து ஒரு படத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். வெட்டி ஒட்டுகிறது என்று நம் ஆட்கள் திட்டுவது சரியில்லை, அது வெட்டி ஒட்டுவதில்லை. ஆனால் பழக்கிய படங்களில் சில அச்சு அசலாகத் திரும்ப வெளியே வந்ததை 2023இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள் என்பதும் உண்மை.

பாம்படம் ஏன் ஜிமிக்கி ஆனது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. இணையத்தில் ஜிமிக்கிப் படம் லட்சக்கணக்கில் கிடக்கிறது. பாம்படம் போட்ட காது அதில் எத்தனை இருக்கும்? நிறைய இருப்பதன் பக்கம் அது சாயும். நீங்கள் பத்து வரி எழுதிக் கேட்டாலும் திரும்பத் திரும்ப ஒரு கல்யாண வீட்டுக் காதில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, அந்தக் கோடிக்கணக்கான படங்கள் யாருடையவை? ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் போடும் ஏஐ 2022 ஆகஸ்டில் வெளிவந்தபோது அதைப் பழக்க எடுத்தது லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளை. மொத்தத் தொகுப்பில் 585 கோடிப் படம்-விளக்க ஜோடிகள். இணையத்தில் திறந்து கிடந்ததையெல்லாம் வாரிச் சேர்த்தது. வரைந்தவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை ஆயிரக்கணக்கானோர் ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளையில் சேர்த்துச் சேர்த்து, அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்கள் வந்து நிற்கிற நிலை ஆனது. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் ஏஐ பட நிறுவனங்கள் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் நீதிபதி அவர்களது பதிப்புரிமைப் புகாரைத் தள்ளுபடி செய்யாமல் மேலே நடக்க அனுமதித்தார்.

இங்கே எனக்கு ஃப்ளெக்ஸ் காலம் ஞாபகம் வரும். காலேஜ் லீவில் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பேனர் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். நடிகர் ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைச் சுண்ணாம்பு நூலால் துணியில் அடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கி வரைவார்கள். கிட்டே நின்றால் நீலமும் ஆரஞ்சும் அப்பிய தீற்றல். எதிர் பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் கன்னம். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. எனக்குக் கட்டம் போடச் சொல்லிக்கொடுத்த ஆசாரி ஃப்ளெக்ஸ் கடை ஒன்றில், கயிறு கட்டப் பேனர் ஓரத்தில் கண் வளையம் அடிக்கிற வேலைக்குப் போனார். அதுவும் கொடுமைதான். ஆனால் ஃப்ளெக்ஸ் மிஷின் அவருடைய தீற்றலைத் தின்று வளரவில்லை. அவரிடமிருந்து போனது வேலை. இப்போது எங்களிடமிருந்து வேலையும் போகிறது, அந்த வேலையைப் பறிக்கிற மிஷினுக்குத் தீனியாக நாங்கள் வரைந்ததும் போகிறது. "தொழில்நுட்பம்னா அப்படித்தான்" என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் சொல்லாமல் விடுவதில்லை.

2025 மார்ச் கடைசியில், போட்டோவை ஏஐயில் கொடுத்து ஜப்பானின் கிப்லி கார்ட்டூன் பட நிறுவனத்தின் பாணியில் மாற்றுவது ஊரையே ஆட்டியதே, அப்போது என் அக்கா மகள் நிச்சயதார்த்த போட்டோவை மாற்றி அனுப்பினாள். "மாமா, எப்படி இருக்கு?" அழகாகத்தான் இருந்தது, அப்படியே சொன்னேன். ஒரு பிள்ளை ஆசைக்குச் செய்வதை நான் குற்றமென்று பார்ப்பதில்லை. ஆனால் போட்டோவைப் பார்த்துக் குடும்பப் படம் வரைந்து கொடுத்துச் செலவுக்குச் சம்பாதித்த என் பழைய மாணவர்கள் இரண்டு பேருக்கு அந்த மாசம் ஒரு ஆர்டர்கூட இல்லை. (அப்போது கிப்லியின் இயக்குநர் மியாசாகி ஏஐ ஓவியத்தைத் திட்டுவதாக ஒரு வீடியோ சுற்றியது. அது 2016இல், ஏஐ வைத்து அசைத்த, தவழ்ந்து நகரும் ஒரு விகார உருவத்தை அவருக்குப் போட்டுக் காட்டியபோது சொன்னது. கிப்லி மோகத்தைப் பார்த்துச் சொன்னதல்ல. நம் கட்சி என்பதற்காகத் தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்றக் கூடாது.)

பதிப்பாளர்களுக்கும் சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளர்களுக்கும் காசு சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். ஏஐ அட்டை உங்களுடையதுதானா? ஜேசன் ஆலன் என்பவர் 2022இல் கொலராடோ மாநிலச் சந்தைப் போட்டியில் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் போட்ட படத்துக்குப் பரிசு வாங்கினார். 624 தடவையாவது கட்டளையை மாற்றி மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். அப்படியும் 2023 செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தர மறுத்தது. வெறும் கட்டளை எழுதியதால் ஒருவர் படைப்பாளி ஆகிவிட முடியாது என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் நிலவரம் குழப்பம். 1957ஆம் வருஷச் சட்டத்தில் கம்ப்யூட்டர் உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்று ஒரு வரி உண்டு. அது 1994இல் சேர்த்தது, இந்த மிஷினெல்லாம் கனவில்கூட இல்லாத காலம். 2020இல் 'ராகவ்' என்ற ஏஐயை இணை ஆசிரியராகப் போட்ட ஒரு படத்துக்கு நம் பதிப்புரிமை அலுவலகம் பதிவு கொடுத்தது, அப்புறம் அதைத் திரும்பப் பெற நோட்டீஸ் விட்டது. ஆகவே உங்கள் அட்டையைப் பக்கத்துப் பதிப்பகம் எடுத்துப் போட்டால், வக்கீலிடம் போய் நீங்கள் எதைக் காட்டுவீர்கள் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அச்சகத்திலும் ஒரு தலைவலி உண்டு. டெமி சைஸ் அட்டை அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் எட்டரை. 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் 1650க்கு 2550 பிக்சல். பல ஏஐ கருவிகள் சாதாரணமாகத் தருவது 1024 சதுரம், அச்சில் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. இழுத்துப் பெரிதாக்கினால் கிழவியின் முகச்சுருக்கம் மெழுகு மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். அதைச் சரிபண்ணவும் ஒரு ஆர்ட்டிஸ்டைத்தான் தேடி வருகிறார்கள்.

இளைய ஓவியர்களிடம் நான் கறாராகச் சொல்வது, எதையும் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது அதன் முதல் உரிமையாளர் அவரே என்று நம் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. என் முதல் பத்து வருஷம் இது எனக்குத் தெரியாது. உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுத்து, எத்தனை வருஷம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம், எந்த நாடு என்று எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். இது 19ஆம் பிரிவு. நான் இப்போதெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: இத்தனை பதிப்பு, இத்தனை வருஷம், இந்தப் படத்தை ஏஐ பழக்கத் தரக் கூடாது, உரிமைப் பக்கத்தில் ஓவியர் பெயர் வர வேண்டும். ஒன்றிரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

ரஃப் ஸ்கெட்ச்சையும் லேயரோடு உள்ள ஃபைலையும் அழிக்காதீர்கள். போன மாசம் ஒரு பையன் போனில் அழாத குறை. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த படத்தைப் பார்த்து "இது ஏஐதானே தம்பி" என்று பணத்தை நிறுத்திவிட்டார்களாம். அவன் பிடிவாதமாக எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைகிறவன், நடுவில் சேமித்து வைத்த பிரதியும் கிடையாது. நல்லவேளை, பேப்பரில் போட்ட பென்சில் ரஃப் வீட்டில் கிடந்தது, போட்டோ எடுத்து அனுப்பித் தப்பித்தான். விரல் ஆறு இருந்தால் ஏஐ, ஐந்து இருந்தால் மனிதன் என்ற பழைய சோதனையெல்லாம் இப்போது செல்லாது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் கிளேஸ், நைட்ஷேட் என்று இரண்டு மென்பொருள் இலவசமாகத் தருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் பிக்சலை மாற்றி மிஷினைக் குழப்பும். போடுங்கள், ஆனால் அதையே பூட்டு என்று நம்பிவிடாதீர்கள். உடைக்கிற வழியும் வந்துவிட்டது.

நானும் ஏஐயைத் தொடாதவன் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஓரிரு முறை எடுத்திருக்கிறேன், பயன்படுத்தினால் ஆர்டர் கொடுத்தவரிடம் சொல்லிவிடுவேன். யாரோ ஒருவரின் பெயரைப் போட்டு அவர் பாணியில் கேட்பது மட்டும் கிடையாது.

அந்தக் கிழவி என்ன ஆனாள் என்றால், நாவலாசிரியரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கொண்டுவந்தார். அவருடைய அப்பத்தா. இடது காது வளையம் ஒருமுறை அறுந்து தைத்ததாம், வலதைவிட இரண்டு விரல்கடை குட்டை. நானும் அப்படியே வரைந்தேன். ப்ரூஃப் பார்த்த பதிப்பக மேனேஜர் போன் போட்டு, "சார், ரெண்டு காதும் ஒரே அளவில்லையே, ஏஐன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றார். போட்டோவை அவருக்கு அனுப்பிவைத்தேன்.

சரிபண்ணும் வேலை என்று வந்தால் இப்போது நான் முழு ஓவியத்தின் கூலியைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் அப்புறம் கூப்பிடுவதில்லை. மீதிப் பேர் கதையை அனுப்பிவைக்கிறார்கள்.