உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால்?

“உங்க ஓட்டு ஏற்கெனவே பதிவாயிடுச்சும்மா.” ஒரு தேர்தலில் எங்கள் தெருப் பெரியம்மா பூத் ஸ்லிப்பை நீட்டியபோது கிடைத்த பதில் இது. மை படாத விரலைக் காட்டி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுக்க, வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் அப்படித் திரும்பி வந்திருக்கவே வேண்டாம். அவருக்காகவே ஒரு விதி இருக்கிறது.

1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) என்பது அந்த விதி. பூத்தில் இதை ‘டெண்டர் ஓட்டு’ என்பார்கள். உங்கள் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால், நேரே வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய் டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள்தான் அந்த வாக்காளரா என்று சில கேள்விகள் கேட்பார். பதில் சரியாக இருந்தால் தர வேண்டியது அவர் கடமை.

மிஷினில் பட்டனை அழுத்த விடமாட்டார்கள். தருவது காகித வாக்குச்சீட்டு. முதலில் 17பி (17B) என்ற படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். உங்கள் பெயரில் முதலில் ஓட்டுப் போட்டவர் வாக்காளர் பதிவேட்டில் எத்தனையாவது ஆளாகப் பதிவானார் என்பதையும் அதே படிவத்தில் எழுதுவார்கள். கள்ள ஓட்டின் தடம் அங்கே நிற்கிறது என்பதால், எனக்கு இந்த விதியிலேயே முக்கியமாகப் படுவது இந்த ஒரு கட்டம்தான். அப்புறம் மறைவிடத்துக்குப் போய், ஊராட்சித் தேர்தலில் குத்துகிற மாதிரியே சின்னத்தில் முத்திரை குத்தி, மடித்துத் தலைமை அலுவலரிடம் கொடுத்தால் தனி உறையில் வைத்துவிடுவார்.

வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். வெற்றியை எதிர்த்து வழக்கு நடந்து, நீதிமன்றம் சொன்னால்தான் அந்தச் சீட்டு கணக்கில் வரும். எண்ணாத ஓட்டை எதற்குப் போட வேண்டும் என்று கேட்கலாம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அப்படிப்பட்ட தொகுதியில் ஒரு டெண்டர் ஓட்டு என்ன கனம் என்று யோசித்துப் பாருங்கள். பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டால், கள்ள ஓட்டு மட்டும்தான் கணக்கில் இருக்கும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் இரண்டு பொய்கள் சுற்றுகின்றன. டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு என்பது ஒன்று. அப்படி எந்த விதியும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவரும் ஆதாரைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்பது இன்னொன்று. முடியாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் டெண்டர் ஓட்டும்.

வாக்காளர் பட்டியலில் உள்ள உங்கள் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். டெண்டர் ஓட்டுப் போட்டதும் நேரத்தையும் அதிலேயே குறித்துவிட்டு, வெளியே வந்து வேட்பாளரின் ஏஜென்ட் யாரிடமாவது சொல்லிவையுங்கள். முடிவை எதிர்த்து வழக்குப் போடுவதாக இருந்தால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். போடுபவருக்கு அந்தத் துண்டுத்தாள் தேவைப்படலாம்.