‘அமையவில்லை’ என்று சொல்பவர்கள்

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் பேசும்போது நான் அவர்களுடைய வினைச்சொற்களைக் கவனிப்பேன். அண்மையில் வந்த ஓர் இளைஞருக்கு வயது 34. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். "நல்ல படிப்பு அமையவில்லை, வேலை அமையவில்லை, வரனும் அமையவில்லை, மேடம்" என்றார். பிளஸ் ஒன்னில் முதல் குரூப் எடுக்க வைத்தார்கள். பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். மாமா ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். ஒரு மணி நேரப் பேச்சில் ‘நான்’ என்று தொடங்கிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. "நீ படித்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நம் வீடுகளில் பாசத்தோடுதான் சொல்கிறோம். தீபாவளிச் சட்டை முதல் கல்லூரி வரை பெரியவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். தவறாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு தானே அதைச் சரிசெய்துகொள்ளும் பயிற்சி பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை. இவருடைய அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். இப்போது கேட்டுச் செய்யவும் ஆள் இல்லை, கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இத்தகைய வீடுகளுக்கு நான் அடிக்கடி சொல்வேன். ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தினருக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்றே வாரங்களில் முதல் தளத்தினரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. இரு தளத்தினருக்கும் அன்பில் குறை வைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அந்த இளைஞரிடம் தம் கதையை ‘நான்’ என்று தொடங்கி எழுதிவரச் சொன்னேன். "அப்பா சேர்த்துவிட்டார்" என்பது "அப்பா சொன்னார், நான் மறுக்கவில்லை" என்று ஆனது. அடுத்த வாரம் கோபத்தோடு வந்தார்.

"அப்படியென்றால் எல்லாம் என் தப்பா, மேடம்?"

இல்லவே இல்லை. பதினைந்து வயதில் அப்பாவிடம் மறுத்துப் பேச முடியாமல் போனது யாருடைய தப்பும் அல்ல. கூரை ஒழுகினால் கட்டிய கொத்தனார் மேல் குறை இருக்கலாம். ஆனால் இன்றிரவு மழை பெய்தால் பாத்திரம் வைக்க வேண்டியவர் அந்த வீட்டில் குடியிருப்பவர். பலர் கொத்தனாரைத் திட்டிக்கொண்டே பத்து மழைக்காலங்களை நனைந்தபடி கழித்துவிடுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்தப் பயிற்சியை எல்லோருக்கும் நான் தருவதில்லை. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு" என்று சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் உதவி கேட்கலாம். காலையில் படுக்கையை விட்டே எழ முடியாதவருக்கு இருப்பது சோம்பேறித்தனமாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவருக்குத் தேவை சிகிச்சை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆறாவது சந்திப்பில் அந்த இளைஞர் சொன்னார்: "அம்மா பார்த்த வரன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், மேடம். இரண்டு நாள் அம்மா பேசவில்லை. மூன்றாம் நாள், ‘சரி, உனக்கு எப்படிப்பட்ட பெண் வேண்டும்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்."