பூத்ததும் மடியும் தாய்க்கோழி

ஆல்ப்ஸ், பைரனீஸ் முதலிய ஐரோப்பிய மலைகளின் பாறை இடுக்குகளில் வளரும் ஒரு சதைப்பற்றுச் செடியை ஆங்கிலம் பேசுவோர் 'கோழியும் குஞ்சுகளும்' என்று அழைக்கிறார்கள். தாமரைபோல் அடுக்கடுக்காக விரிந்த இலைக்கொத்து ஒன்று நடுவில் தரையோடு படிந்திருக்க, அதே வடிவில் விரல்நுனி அளவுள்ள கொத்துகள் அதை நெருக்கியடித்துக்கொண்டு சூழ்ந்திருப்பதே இப்பெயருக்குக் காரணம். இதன் அறிவியல் பெயரான செம்பர்வைவம் டெக்டோரம் என்பதற்குக் 'கூரைகளில் என்றும் வாழ்வது' என்று பொருள். மின்னலைத் தடுக்கும் என்று நம்பி, ஐரோப்பியர் இதனை வீட்டுக்கூரையின்மேல் வளர்த்துவந்தனர்.

தாய்க்கொத்தின் கீழ் இலைகளின் கக்கத்தில் உள்ள மொட்டு, மெல்லிய ஓடுதண்டாக நீண்டு வெளியே வருகிறது. அதன் நுனியில் குஞ்சு உருவாகி, சொந்த வேர் மண்ணைப் பற்றும்வரை அத்தண்டின் வழியாகவே தாயிடமிருந்து நீரும் உணவும் பெறுகிறது. வேர் பிடித்தபின் தண்டு காய்ந்து அறுந்துவிடும். அப்போது குஞ்சைத் தொட்டால் எளிதில் பிரிந்து வரும்.

ஆனால் பெயர் ஓரிடத்தில் நம்மைத் தவறாக எண்ணவைக்கிறது. குஞ்சுகள் தாயின் பிள்ளைகள் அல்ல; மரபணு அளவில் அவை தாயேதான். உண்மையான பிள்ளைகள் விதையிலிருந்து பிறப்பவை, அந்த விதைக்குத் தாய் தரும் விலையோ பெரிது. சில ஆண்டுகள் வளர்ந்த கொத்தின் நடுப்பகுதி ஒருநாள் தண்டாக உயர்ந்து, நட்சத்திர வடிவப் பூக்களைத் தாங்கும். விதை முற்றியதும் அந்தக் கொத்து முழுவதும் காய்ந்து மடிகிறது. அது விட்ட வெற்றிடத்தைக் குஞ்சுகள் நிரப்புவதால்தான் 'என்றும் வாழ்வது' என்ற பெயர் பொருந்துகிறது.

இத்தனை குஞ்சுகளை வறண்ட பாறையில் வளர்ப்பதற்கு நீர்ச் சிக்கனம் வேண்டும். பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் ஈரம் ஆவியாகிவிடும் என்பதால், இச்செடியின் குடும்பத்தில் பல இனங்கள் இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கின்றன. இதன் தடயத்தை நாவாலேயே கண்டவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையிழப்பதையும் அவர் 1813-இல் பதிவுசெய்தார். அந்த ரணகள்ளிக்கு நம் ஊரில் இன்னொரு பெயரும் உண்டு. பறித்துத் தொங்கவிட்ட இலையின் விளிம்பிலும் கன்றுகள் முளைப்பதைக் கண்டவர்கள் அதைக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று அழைத்தார்கள்.