தொட்டிக்கு அடியில் இரண்டு நிறம்

குன்னூரிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருக்கிறார். பூந்தொட்டியைத் தூக்கினால் கடுகளவு பூச்சிகள் துள்ளி ஓடுகின்றனவாம். சில வெள்ளி போல மின்னுகின்றன, சில அடர் ஊதா. "இரண்டும் வேறு வேறா? மருந்து அடிக்கலாமா?"

மருந்து வேண்டாம். இவை ஸ்பிரிங்டெயில்கள். வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பைத் தரையில் அடித்துத் துள்ளும். பூஞ்சையும் மக்கிய இலையும்தான் சாப்பாடு. வாயுறுப்புகள் தலைக்குள் ஒளிந்திருப்பதால், ஆறு கால் இருந்தும் இன்றைய வகைப்பாட்டில் இவை பூச்சிகளோடு சேர்வதில்லை. பழக்கத்தில் நானும் பூச்சி என்றுதான் சொல்வேன், விடுங்கள்.

சரி, நிறம். தோலில் இருக்கும் சாயம் ஒன்று. மண்ணுக்குள்ளேயே வாழும் ஃபோல்சோமியா கேண்டிடா என்ற ஸ்பிரிங்டெயிலுக்குக் கண்ணும் கிடையாது, சாயமும் கிடையாது, வெள்ளைவெளேர் என்றிருக்கும். வெளிச்சத்தில் திரிபவற்றுக்கு ஊதா, பழுப்பு, மஞ்சள் என்று பல சாயங்கள். சில குடும்பங்களில் இதற்கு மேல் செதில் போர்வையும் உண்டு. எனக்குப் பிடித்த விஷயமே இந்தச் செதில்தான்.

மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்திய இடம் வானவில்லாக மின்னும் அல்லவா, செதிலிலும் அதே வேலை நடக்கிறது. செதில் என்பது கைட்டின் என்ற, பூச்சி ஓட்டில் இருக்கும் பொருளால் ஆன மெல்லிய தகடு. அதன் மேல்பக்கம் கொஞ்சம் ஒளி திரும்பும், அடிப்பக்கம் கொஞ்சம். இரண்டும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அடங்கும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் கைட்டினுக்குச் சுமார் 1.56, காற்றுக்கு 1. இந்த வித்தியாசத்தில், நேராக விழும் ஒளியில் ஒரு பரப்பு சுமார் 5 சதவீதத்தைத் திருப்பும். அதையே ஆல்கஹாலில் போடுங்கள். அதன் எண் 1.36, திரும்பும் ஒளி அரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு! உயிரோடு தகதகத்தது புட்டிக்குள் போனதும் மங்கிப்போவது இதனால்தான். செதில் அங்கேயேதான் இருக்கிறது, சுற்றியிருந்த காற்றுதான் போய்விட்டது.

செதில் சுலபமாக உதிரும். ஈரத் தூரிகையால் ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தூரிகை நுனியில் வெள்ளித் தூள், முதுகில் வழுக்கை. ஆனால் ஸ்பிரிங்டெயில் வளர்ந்த பிறகும் வாழ்நாள் முழுக்கச் சட்டை உரித்துக்கொண்டே இருக்கும். உரித்ததும் புதுச் செதில், புதுப் பளபளப்பு. ஆக, நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை. முதுகு ரோமங்கள் எங்கெங்கே முளைத்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், அப்படி உட்கார்பவருக்கு ஒழுங்காகச் சம்பளமும் வேண்டும். புலிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியாவது இவர்கள் பக்கம் வரக்கூடாதா?

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கி லென்ஸ்களைச் சோதிக்க 'பொடுரா செதில்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அது லெபிடோசிர்டஸ் என்ற ஸ்பிரிங்டெயிலின் செதில்தான். அதில் வரிசை வரிசையாக ஆச்சரியக்குறி போன்ற கோடுகள் இருக்கும். அவை பிசிறில்லாமல் தெரிந்தால் லென்ஸ் தேறியது.

இப்போது வாசகியின் படத்துக்கு வருவோம். பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் இருப்பதன் முதுகில், இடது ஓரமாகச் சின்னதாக ஒரு வழுக்கை. அந்த இடத்தில் தெரிவது ஊதா.