இருட்டில் கிடையைச் சுற்றிய பாட்டு

1870களில் டெக்சாஸ் மாடுகளை கான்சாஸ் ரயில் நிலையங்கள் வரை நடத்தியே ஓட்டிப் போனார்கள். ஒரு மந்தையில் 2,000, 3,000 மாடுகள். ஓட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு கௌபாய்கள். இரவானால் வெட்டவெளியிலேயே கிடை. பட்டியும் இல்லை, வேலியும் இல்லை. குதிரையில் இரண்டு பேர் எதிரெதிராகச் சுற்றி வருவதுதான் காவல். அந்தச் சுற்று முழுக்க அவர்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள்.

மாட்டுக்குத் தாலாட்டு என்று பலரும் இதை அழகாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மாட்டின் காதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் சுவையாக இருக்கிறது.

நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது. மாட்டுக்கு ஏறக்குறைய 35 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். சேணத்தின் கிறீச்சொலியும் சுள்ளி முறியும் சத்தமும் அதன் காதுக்குத் தப்பாது. ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் மாடு ரொம்பவே பின்தங்கியது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரிக்கி ஹெஃப்னரும் ஹென்றி ஹெஃப்னரும் இதை அளந்து 1992இல் வெளியிட்டார்கள். இரண்டு ஒலிகளுக்கு இடையே ஒரு பாகை விலகல் இருந்தாலே மனிதக் காது பிரித்துவிடும். மாட்டுக்குச் சுமார் 30 பாகை வேண்டும்.

இத்தனைக்கும் மாட்டின் தலை பெரியது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் நம்மைவிட அதற்கு அதிகம். திசையைக் கணிக்க அது வசதிதான். பிறகு ஏன் இந்தக் குறை? ஹெஃப்னர் தம்பதியின் விளக்கம் கண்ணிலிருந்து தொடங்குகிறது. நமக்குக் கூர்மையாகத் தெரிவது நேர் எதிரே ஒரு சின்ன இடம் மட்டும். அந்த இடத்தைச் சத்தத்தின் மேல் திருப்பக் காது துல்லியமாக வழிகாட்டியாக வேண்டும். மாட்டின் விழித்திரையிலோ கூர்மையான பகுதி தொடுவானம் நெடுகப் பட்டையாக நீண்டிருக்கிறது. காது தோராயமாகச் சொன்னால் போதும், மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும்.

அமாவாசை இருட்டில் அந்தக் கண் எவ்வளவு உதவும்? திடீரென்று ஒரு தீக்குச்சி உரசினாலும், குதிரை உடம்பைச் சிலிர்த்தாலும் சத்தம் கேட்கிறது. எங்கே என்று தெரியவில்லை. ஒரு மாடு துள்ளி எழுந்தால் அத்தனையும் எழுந்து தறிகெட்டு ஓடும். பாட்டு இந்தத் ‘திடீரை’ இல்லாமல் செய்துவிடுகிறது. குரல் மெல்லக் கிட்ட வருகிறது, கடக்கிறது, தூரத்தில் தேய்கிறது, மறுபடி வருகிறது. நாலைந்து சுற்றில் மாடு பழகிவிடும். குதிரையின் சின்னச் சத்தங்களும் அந்தக் குரலோடு சேர்ந்து வருவதால் புதிதாகத் தோன்றாது. இருட்டில் தொழுவத்துக்குள் போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போ என்று மாடு வளர்த்த வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான்.

இந்தப் பாட்டுகள் ஏன் அத்தனை நீளம் என்பதும் இங்கே புரிகிறது. ஒரு முறைக்காவல் பெரும்பாலும் இரண்டு மணி நேரம். நாலு வரிப் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டெடி புளூ ஆபட் என்ற கௌபாய் தன் நினைவுகளில் ஒரு காட்சியைச் சொல்கிறார். கிடையின் இந்தப் பக்கம் இருப்பவர் ஒரு கண்ணி பாடுவார். அந்தப் பக்கம் சுற்றுபவர் அடுத்த கண்ணியைப் பாடுவார். இப்படியே முழுப் பாட்டும் போகும். கண்ணிக்கு நாலு வரி, எளிய இயைபு, கதையாக நகரும் பொருள். வார்த்தை மறந்தால் அங்கேயே ஒன்றைக் கட்டிச் சேர்த்துவிடலாம். டெக்சாஸ் மாடுகள் கான்சாஸுக்கு நடந்த வழிகளில் ஒன்றான சிஷோம் தடத்தைப் பற்றிய பாட்டு ஆள் ஆளாகக் கண்ணி சேர்த்தே வளர்ந்தது. ஜாக் தார்ப் இந்தப் பாட்டுகளை 1908இலும் ஜான் லோமாக்ஸ் 1910இலும் தொகுத்து அச்சிட்டார்கள்.

அதற்குள் முள்கம்பி வேலியும் ரயிலும் வந்து நெடும் மாட்டு ஓட்டம் நின்றுபோயிருந்தது. பாட்டும் கவிதையும் பண்ணைகளில் தங்கிவிட்டன. 1985 முதல் நெவாடாவின் எல்கோ ஊரில் கௌபாய் கவிஞர்கள் கூடுகிறார்கள். கூட்டத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது நடுங்கும் ஜனவரி மாதக் கடைசியை. கன்று ஈனும் பருவம் தொடங்குமுன் பண்ணையில் கொஞ்சம் ஓய்வு கிடைப்பது அப்போதுதான்.