எஸ்போசிட்டோ: ஓர் இத்தாலியக் குடும்பப்பெயர் பெருகிய விதம்

இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களின் வரிசையில் ரோசி, ருசோ, ஃபெர்ராரி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எஸ்போசிட்டோ வருகிறது. முதலிரண்டும் செந்நிறத் தலைமுடியாலும், மூன்றாவது கொல்லுத் தொழிலாலும் வந்த பெயர்கள். சிவந்த முடிக்காரரும் கொல்லரும் எல்லா ஊர்களிலும் இருந்ததால் அவை பரவியதில் வியப்பில்லை. எஸ்போசிட்டோவோ நேப்பிள்ஸ் நகரையும் அதைச் சூழ்ந்த காம்பானியா மாநிலத்தையும் மையமாகக் கொண்டே அடர்ந்திருக்கிறது.

‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லே இதன் வேர். வளர்க்க வழியின்றிப் பெற்றோர் விட்டுச்சென்ற குழந்தைகளை அது குறித்தது. நேப்பிள்ஸில் அத்தகைய குழந்தைகளை அன்னுன்சியாட்டா என்ற அறநிலையம் ஏற்று வளர்த்தது. அதன் தெருப்புறச் சுவரில் ஒரு சிறிய திறப்பும், அதற்குப் பின்னால் நிலைகுத்தான அச்சில் சுழலும், ஒரு பக்கம் மட்டும் திறந்த மர உருளையும் இருந்தன. குழந்தையை அதனுள் கிடத்தி உருளையைத் திருப்பினால், திறந்த பக்கம் கட்டடத்தின் உட்புறம் வந்து நிற்கும். விட்டவர் முகத்தை உள்ளிருப்பவர் காண இயலாது. குழந்தை வந்த நேரம், தோராயமான வயது, உடுத்தியிருந்த துணி, பிற்காலத்தில் அடையாளம் காட்டுவதற்காகத் தாய் கட்டிவிட்ட பாதிப் பதக்கம் போன்றவை பதிவேட்டில் ஏறின. தந்தை பெயர் தெரியாத குழந்தைக்கும் ஒரு குடும்பப்பெயர் தேவைப்பட்டதால், அந்த இடத்தில் எஸ்போசிட்டோ என்று எழுதப்பட்டது.

இப்பெயர் இவ்வளவு பெருகியதற்கான காரணம் இந்தப் பதிவு முறையில்தான் இருக்கிறது. ஆண்வழியாக மட்டுமே கடத்தப்படும் குடும்பப்பெயர், ஆண்மகவு இல்லாத ஒரே தலைமுறையில் அற்றுப்போகலாம் என்பதால், காலப்போக்கில் பெரும்பாலான மரபுவழிகள் தற்செயலாகவே அழிந்துபோகும். 1870-களில் பிரித்தானிய அறிஞர்களான கால்டனும் வாட்சனும் இதைக் கணித வடிவில் ஆராய்ந்தார்கள். எஸ்போசிட்டோவுக்கு அந்த அழிவு நேரவில்லை. பழைய கிளைகள் பட்டுப்போனாலும், சுழலும் உருளை வழியாக ஆண்டுதோறும் புதிய கிளைகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன.

பெயரைக் கேட்டவுடனே பிறப்பு தெரிந்துவிடும் கொடுமையை அரசும் ஒரு கட்டத்தில் உணர்ந்தது. நேப்பிள்ஸை 1808 முதல் 1815 வரை ஆண்ட ஜோக்கிம் மூராவின் காலத்தில் இப்பெயரைச் சூட்டுவது தடைசெய்யப்பட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு பெயர் புனையப்பட்டது. உருளை 1875-இல் மூடப்பட்டது. ஆனால் முன்பே அப்பெயரைப் பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் அதைத் தொடர்ந்து சுமந்தார்கள்.

பிற நகரங்களிலும் இதே வழக்கம் வேறு பெயர்களைத் தந்தது. ஃபிளாரன்ஸில், கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வடிவமைத்த இன்னொசெந்தி (‘மாசற்றோர்’) குழந்தைகள் இல்லத்திலிருந்து அதே பெயர் வந்தது. மிலானில், இத்தகைய குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னமான புறாவிலிருந்து (இத்தாலியில் ‘கொலொம்போ’) கொலொம்போ வந்தது. கொலொம்போக்கள் அனைவரும் கைவிடப்பட்டோர் வழிவந்தவர்கள் என்று கொள்வது தவறு. ஜெனோவாவில் பிறந்த கடலோடி கொலம்பஸின் இத்தாலியக் குடும்பப்பெயரும் கொலொம்போதான்; அவருக்கு அது தந்தை வழியாகவே கிடைத்த பெயர்.

ஒரே மூதாதையரிடமிருந்து தோன்றிய அரிய குடும்பப்பெயரைச் சுமக்கும் ஆண்களிடம், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோம் பெரும்பாலும் ஒத்திருக்கும். எஸ்போசிட்டோ என்ற பெயருடைய இருவரிடம் அந்த ஒற்றுமையை எதிர்பார்க்க இயலாது; அவர்களுடைய முன்னோர்களுக்குப் பொதுவாக இருந்தது இரத்த உறவன்று, ஒரு பதிவேடே.