மணிக்கு 30 மூவ்னு சொல்றாங்களே, அதுல நம்ம டிரெய்லர் எங்க நிக்குது?

பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை பக்கம் காயர் பித் (தேங்கா நார்த் தூள்) ஏத்துமதி பண்றவங்க எங்கிட்ட மொதல்ல கேக்கறது இதுதான், கொச்சியா தூத்துக்குடியா, எந்த போர்ட்டுங்க ஃபாஸ்ட்டு? பதினஞ்சு வருசமா போர்ட்டு வழியா சரக்கு அனுப்பிக் குடுக்கற கிளியரிங் வேலை பாக்கறேன், ஒரே வரியில பதில் சொல்ல இன்னும் வரல. தூரத்த பாத்தா கொச்சிதான் கிட்டக்க, தூத்துக்குடி ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ஆனா தூரம் மட்டுமா கணக்கு.

டெர்மினல்காரங்க (போர்ட்டுல கன்டெய்னர் ஏத்தி எறக்கறவங்க) பெருமையா சொல்ற நம்பர் 'ஒரு கிரேன் மணிக்கு இத்தனை மூவ்'. கிரேன் கன்டெய்னர் பொட்டிய ஒரு தூக்கு தூக்கி எறக்குனா ஒரு மூவ். சும்மா ஒரு கணக்கு போடுங்க, கப்பல்ல 1200 மூவ், 3 கிரேன் 16 மணி நேரம் நின்னுச்சுன்னா மொத்தம் 48 கிரேன் மணி, வகுத்தா 25. அதே கப்பல்ல ஹேட்ச் கவர் (கப்பல் அறையோட மூடி) தூக்கின நேரம், ஷிஃப்ட் மாறின நேரம், கிரேன் மக்கர் பண்ணின நேரம்னு 8 மணிய கழிச்சுட்டா மீதி 40தான், இப்ப வகுத்தா 30! ரெண்டுமே பொய் இல்லீங்க, மொதல்லது கிராஸ், ரெண்டாவது நெட், போஸ்டர்ல எது வரும்னு நான் சொல்லணுமா. இன்னொண்ணு, 40 அடி பொட்டி ஒரே மூவ்தான், ஆனா 2 டிஇயு (ஒரு 20 அடி பொட்டிதான் 1 டிஇயு). அதனால மணிக்கு இத்தனை டிஇயுன்னு யாராச்சும் பேசுனா, அதுல 40 அடி எத்தனை, 20 அடி எத்தனைன்னு திருப்பிக் கேளுங்க.

உலக வங்கி 2021ல இருந்து கன்டெய்னர் போர்ட்டுக்கு ரேங்க் போடுது. 2023ம் வருசத்துக்கான லிஸ்ட்ல விசாகப்பட்டினம் மொத இருபதுக்குள்ள வந்துச்சு, சந்தோசம்தான், ஆனா அது அளக்கறது கப்பல் போர்ட்டுல கழிச்ச நேரத்த. கேட்டுக்கு வெளிய நிக்கற லாரி அந்த ரேங்குல கெடையாது. விழிஞ்ஞத்தையும் கொச்சியையும் ஒப்பிட்டு சண்டை போடறவங்களும் இத யோசிக்கணும், விழிஞ்ஞத்துல 2024ல வேலை ஆரம்பிச்சப்ப ரோட்டுல வர்ற சரக்கே இல்ல, கப்பல்ல எறங்குன பொட்டி இன்னொரு கப்பல்லயே ஏறிப் போயிடும், கேட்டுல கூட்டம் எங்கிருந்து வரும்?

சரி, நம்ம கதைக்கு வர்றேன். ஒரு டெர்மினல், பேரு வேண்டாம். நம்ம 40 அடி பொட்டிய கொண்டுபோன டிரைவர் விடிகாலை 4 மணிக்கு லைன்ல சேந்துட்டாரு, கட்ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்கு பொட்டிய உள்ள எடுக்கற கடைசி நேரம், மத்தியானம் 1 மணி. பத்து மணிக்கு போன் போட்டா, "இன்னும் உள்ள உடலீங்ணா, முன்னால நாப்பது வண்டி நிக்குது"ங்கறாரு. கேட் இன் ஸ்லிப்புல 1.40, கேட் அவுட் ஸ்லிப்புல 2.25. பொட்டி ஷட் அவுட், அந்தக் கப்பல்ல ஏறல, அடுத்த வாரக் கப்பல்தான், பார்ட்டிகிட்ட நான் வாங்குன பேச்சு தனி. அந்த மாச ரிப்போர்ட்ல லாரி டர்ன் அரவுண்ட் (உள்ள போய் வெளிய வர்ற நேரம்) 45 நிமிசம்னு போட்டிருந்தாங்க, நம்ம வண்டிக்கும் சரியா 45 நிமிசம்தானே! கடிகாரம் ஓட ஆரம்பிக்கறதே கேட்டுக்கு உள்ள போனப்பறம்தான், வெளிய போன ஒம்போது மணி நாப்பது நிமிசம் யாரோட கணக்குலயும் இல்ல.

அதனால யாராச்சும் சராசரி சொன்னா நம்பி வண்டி ஏத்தாதீங்க. லைன்ல சேந்ததுல இருந்து எவ்வளவு நேரத்துக்குள்ள பத்து வண்டில ஒம்போது வண்டி வெளிய வந்துச்சுன்னு நம்மளே குறிச்சு வெக்கணும், ரெண்டு மாசம் குறிச்சாலே எந்தக் கெழமை எந்த நேரம் நெரிசல்னு தெரிஞ்சுரும், கட்ஆஃபுக்கு எத்தனை மணி முன்னால வண்டிய அனுப்பறதுங்கறதும் அதுலயே வந்துரும். டிரைவருங்களுக்கு சொல்லி வெச்சிருக்கேன், லைன் கடைசில நின்னதும் ஒரு போட்டோ, ரெண்டு ஸ்லிப்பும் ரெண்டு போட்டோ, குரூப்ல போட்டுருங்கன்னு. போன மாசம் ஒரு வண்டி ஓனர் அந்த போட்டோவயே எடுத்துக் காட்டி எங்கிட்ட ஹால்டிங் (வண்டி காத்து நின்னதுக்கான காசு) கேட்டாரு. குடுத்துட்டேன், வேற என்ன பண்றது.